நோட்டை எரித்த அன்று 784 விழுந்தது

பந்தலூர் தாலுகாவிலிருந்து 41 வயதுச் சகோதரி ஒருவர் மனநல மருத்துவனான எனக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை மாற்றிவிட்டேன். வீட்டில் கணவர், பிளஸ் டூ படிக்கும் மகன், ஒன்றரை ஏக்கர் தேயிலை. நிலத்துக்குப் பட்டா இல்லை. கூடலூர், பந்தலூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களிடம் இருந்த ‘ஜென்ம நிலம்’ பற்றிய பிரச்சினையில் சிக்கிய பூமி அது. அதை வைத்து வங்கியில் கடன் கேட்டால் கிடைப்பது கஷ்டம், வட்டிக்காரரிடம்தான் போக வேண்டும்.

கணவர் இரண்டு வருடமாக மூன்று நம்பர் லாட்டரி கட்டுகிறார். கேரள அரசு லாட்டரியின் குலுக்கல் தினமும் மதியம் 3 மணிக்கு நடக்கிறது. அதில் முதல் பரிசு எண்ணின் கடைசி மூன்று இலக்கத்தை முன்பே சொல்லிப் பணம் கட்டுவதுதான் இந்த ஆட்டம். அவர் ஊரில் ஒரு சீட்டுக்கு 60 ரூபாய், மூன்றும் அடித்தால் 25,000. அவர் நாளுக்கு ஐந்து நம்பர் கட்டுவார். இரண்டு வருட ரிசல்ட்டையும் ஒரு நோட்டில் எழுதி, ‘ரொம்ப நாளாக வராத’ நம்பர்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு வைத்திருந்தார். சகோதரியின் மூன்று பவுன் செயின் அடகில் இருக்கிறது. வட்டிக்கு வாங்கியது 40,000, மாதம் பத்து வட்டி. சீட்டு எழுதுபவரிடம் பாக்கி 18,000.

ஒருநாள் காலையில் சகோதரி பொறுக்கமுடியாமல் அந்த நோட்டை அடுப்பில் போட்டுவிட்டார். சண்டை பெரிதாகி, கணவர் அன்று சீட்டுக் கட்டப் போகவில்லை. மதியம் 784 விழுந்தது. “அது நான் கட்ட இருந்த நம்பர், 25,000-ஐ எரித்துவிட்டாய்” என்றவர், பதினோரு நாளாக வீட்டில் சாப்பிடவில்லை, பேசவும் இல்லை.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். நோட்டில் உண்மையிலேயே ஏதாவது இருந்ததா? பாக்கிக்காகச் சீட்டு எழுதும் ஆள் கேஸ் போட முடியுமா? இனிமேல் கேரள அரசின் ஓணம் பம்பர் லாட்டரி மட்டும் வயநாட்டு சுல்தான் பத்தேரியில் போய் வாங்குகிறேன் என்கிறாரே கணவர், விடலாமா? கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் நாலாவதாக ஒன்றும் இருக்கிறது: மகனிடம் சொல்லிப் பழைய ரிசல்ட்டை எல்லாம் எடுத்துப் புது நோட்டு எழுதிக் கொடுத்துச் சமாதானமாகிவிடலாமா என்று. மற்ற மூன்றையும்விட அந்தப் பென்சில் வரிதான் என்னைக் கவலைப்பட வைத்தது. கணவர் நம்புவதை நீங்களும் பாதி நம்ப ஆரம்பித்துவிட்டீர்கள்.

அன்று மட்டும் ஏன் விழுந்தது?

000-விலிருந்து 999 வரை மொத்தம் ஆயிரம் நம்பர். அவர் கட்டுவது ஐந்து. ஆகவே எந்த நாளை எடுத்தாலும் அவர் மனசில் வைத்திருந்த ஐந்தில் ஒன்று விழ இருநூறில் ஒரு வாய்ப்பு உண்டு. இது அரிதுதான். ஆனால் அவர் அந்த ஒரு நாளை மட்டும் பார்த்திருக்க மாட்டார். நோட்டு எரிந்து மூன்றாம் நாள் விழுந்திருந்தாலும், இருபதாம் நாள் விழுந்திருந்தாலும், “நோட்டு இருந்திருந்தால் கட்டியிருப்பேனே” என்றுதான் சொல்லியிருப்பார். எரித்த ஒரு மாதத்துக்குள் அப்படி ஒருநாள் வர வாய்ப்பு ஏறத்தாழ ஏழில் ஒன்று. உங்கள் வீட்டில் அது முதல் நாளிலேயே வந்துவிட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். அன்றைய ஐந்தில் 784 இருந்ததா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஒரு மாதம் இலை 784 கிலோ வந்ததிலிருந்து அவர் அந்த நம்பரை அடிக்கடி சொல்வார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மகனின் பிறந்த தேதி, ஜீப் நம்பர், கனவில் வந்த நம்பர் என்று இன்னும் எத்தனையோ சொல்லியிருப்பார். அவற்றில் எது விழுந்திருந்தாலும் “அதான் நான் சொன்னேனே” என்ற பேச்சு வந்திருக்கும். அவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. விழுந்ததை நினைவு வைத்துக்கொண்டு விழாததை விட்டுவிடும் பழக்கம் நம் எல்லோருக்கும் உண்டு. டாக்டர்களுக்கு அது கொஞ்சம் அதிகமாகவே உண்டு, நாங்கள் குணப்படுத்தியவர்களைத்தான் ஊருக்குச் சொல்வோம்.

ரொம்ப நாளாக வராத நம்பர்

தாயம் ஆடியிருப்பீர்கள். இரண்டு கட்டையிலும் நான்கு நான்கு முகம், ஒன்றில் வெறுமையும் மற்றதில் ஒன்றும் விழுந்தால் தாயம். கட்டை சரியாக இருந்தால் எட்டில் ஒரு வாய்ப்பு. பத்து தடவை உருட்டியும் தாயம் விழாமல் உட்கார்ந்திருக்கிறோமே, அது நாலு ஆட்டத்துக்கு ஒன்றில் நடக்கக்கூடியது. பதினோராவது உருட்டலின்போது “இந்தத் தடவை விழுந்தே தீரும்” என்று எல்லோரும் கத்துவோம். ஆனால் கட்டைக்குத் தான் பத்து தடவை ஏமாற்றியது தெரியாது. பதினோராவதிலும் எட்டில் ஒன்றுதான். திருவனந்தபுரத்தில் சுழலும் குலுக்கல் இயந்திரமும் அப்படித்தான். நேற்று என்ன விழுந்தது என்று அதற்கு ஞாபகமில்லை.

சிவப்பு வட்டத்துக்கு வருகிறேன். தினம் ஒன்றாக இரண்டு வருடத்தில் 730 குலுக்கல். கணக்குப் போட்டால், ஆயிரம் நம்பரில் சுமார் 480 நம்பர் இந்த இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட வந்திருக்காது. கிட்டத்தட்ட பாதி! அதே நேரத்தில் 160-க்கும் மேற்பட்ட நம்பர்கள் இரண்டு முறையோ அதற்கு மேலோ வந்திருக்கும். நோட்டு முழுக்கச் சிவப்பு வட்டம் தெரிந்ததற்கும், சில நம்பர் ‘ராசியாக’த் திரும்பத் திரும்ப வந்ததற்கும் காரணம் இதுதான். எல்லா நம்பரும் வரிசையாக முறை வைத்து வந்திருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

“ஒரே ஒரு நம்பரில் போச்சு” என்று அவர் தலையில் அடித்துக்கொள்வதாக எழுதியிருந்தீர்கள். அதையும் எண்ணிப் பார்த்தேன். 784 கட்டியவருக்கு 783, 794, 284 என்று ஒரே இலக்கம் மட்டும் மாறும் நம்பர்கள் 27 இருக்கின்றன. ஐந்து நம்பர் கட்டினால் நூற்று முப்பதுக்கும் மேல். அப்படியானால் ஏழெட்டு நாளைக்கு ஒருமுறை ‘ஒரு நம்பரில் போகும்’. இலக்கம் இடம் மாறி விழுவதைச் சேர்த்தால் இன்னும் அடிக்கடி. நெருங்கிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்குத் தோன்றுவது இதனால்தான். ஆனால் 783-க்கு அந்த ஆள் ஒரு ரூபாய்கூடத் தரப்போவதில்லை. மனநல மருத்துவனாக நான் பார்த்தவரை, ஆளை மறுநாளும் இழுத்துக்கொண்டு போவது ஜெயித்த நாளைவிட இந்த மயிரிழை நாள்கள்தான்.

மகன் காட்டிய வாட்ஸ்அப் கெஸ்ஸிங் குரூப்பையும் இதே கண்ணால் பாருங்கள். கடைசி மூன்று இலக்கத்துக்கும் ஏ போர்டு, பி போர்டு, சி போர்டு என்று பெயர் வைத்து ஆளாளுக்கு ஒரு நம்பர் தருகிறார்கள். ஆயிரம் பேருக்கு ஆயிரம் நம்பர் அனுப்பினால் ஒருவருக்கு நிச்சயம் அடிக்கும். அவருடைய ஸ்கிரீன்ஷாட்தான் மற்ற 999 பேருக்கும் மறுநாள் வரும்.

மகன் சொன்ன ‘சராசரி விதி’

மகன் கணக்கில் கெட்டிக்காரன் போலிருக்கிறது. “சராசரி விதிப்படி வராத நம்பர் வந்துதானே ஆகணும், அப்பா சொல்வது சரிதான்” என்றானாம். அவன் சொல்லும் விதி உண்மைதான். யாக்கோப் பெர்னூலி நிறுவி, அவர் இறந்த பிறகு 1713-ல் அச்சான விஷயம் அது. ஆனால் அதை அவன் தலைகீழாகப் பிடித்திருக்கிறான். ஒரு நாணயத்தை நூறு தடவை சுண்டி 60 தலை, 40 பூ விழுந்தது என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அடுத்து பத்தாயிரம் தடவை சுண்டுகிறான், அதில் சரிபாதியாக ஐயாயிரம் ஐயாயிரம் விழுகிறது. இப்போது 5,060 தலை, 5,040 பூ. முதலில் வந்த இருபது வித்தியாசம் அப்படியே இருக்கிறது, பூ அதை ஈடுகட்டவே இல்லை. ஆனாலும் சதவீதம் அறுபதிலிருந்து 50.1-க்கு வந்துவிட்டது. பழைய குறையை யாரும் தீர்த்துவைக்கவில்லை, பெரிய எண்ணிக்கையில் அது கரைந்துபோனது. இதை அவனே காகிதத்தில் போட்டுப் பார்த்தால் புரிந்துகொள்வான். அப்பாவுக்குக் கணக்கு எடுத்துக் கொடுக்கும் வேலையிலிருந்து அவனை உடனே விடுவியுங்கள். பரீட்சை வருடம் வேறு.

நோட்டில் இல்லாத கணக்கு

அந்த நோட்டில் ரிசல்ட் இருந்தது, அடித்த இரண்டு நாளும் இருந்தன, செலவு மட்டும் எழுதவில்லை என்கிறீர்கள். நாமே எழுதிவிடலாம். பணமில்லாத நாள்களைக் கழித்தால் 600 நாள், நாளுக்கு 300 ரூபாய்: 1,80,000. இரண்டு முறை அடித்ததில் வந்தது 50,000. போனது 1,30,000. 3,000 சீட்டுக்குச் சராசரியாக மூன்று முறை அடித்திருக்க வேண்டும், அவருக்கு இரண்டு. ரொம்பத் துரதிர்ஷ்டசாலி என்றும் சொல்ல முடியாது. நோட்டைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு நம்பர் சொல்பவருக்கும் இதே அளவுதான் கிடைத்திருக்கும். மூன்று முறை அடித்திருந்தாலும் ஒரு லட்சத்துக்கு மேல் நஷ்டம்தான், ஏனென்றால் 60 ரூபாய்ச் சீட்டின் உண்மையான மதிப்பு 25 ரூபாய்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்று அரசாங்கமே பரிசுச்சீட்டு விற்றது. என் அப்பாவும் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். இந்த மூன்று நம்பரில் விழாத பணம் நாட்டுக்கும் போகவில்லை.

பாக்கியும் மிரட்டலும்

நான் வக்கீல் இல்லை, நண்பரான வக்கீலிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். தமிழ்நாட்டில் 2003-லிருந்து லாட்டரி விற்பனைக்கே தடை. கேரள அரசு லாட்டரி அந்த மாநிலத்தில் சட்டப்படி விற்கப்படும் அச்சிட்ட டிக்கெட். உங்கள் ஊரில் துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பது அந்த லாட்டரியே அல்ல, அதன் ரிசல்ட்டைக் கடன் வாங்கி நடத்தும் சூதாட்டம். கேரளத்திலும் ‘எழுத்து லாட்டரி’ என்று போலீஸ் இதைப் பிடிக்கிறது.

1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது, பந்தயத்தில் ஜெயித்ததாகச் சொல்லி வழக்குப் போட முடியாது. ஆகவே 18,000 பாக்கிக்கு அந்த ஆள் கோர்ட்டுக்குப் போய் எதுவும் செய்துவிட முடியாது. அதே பிரிவு உங்கள் கணவருக்கும் பொருந்தும்: நாளைக்கு 25,000 அடித்து அவன் தராவிட்டால் இவராலும் கேட்க முடியாது.

ஆனால் கணவர் அவனிடம் கையெழுத்துப் போட்ட வெற்று செக்கோ பத்திரமோ கொடுத்திருக்கிறாரா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கொடுத்திருந்தால் அதைக் கைக்கடனாக மாற்றிக் காட்டி செக் பவுன்ஸ் கேஸ் போட முயல்வான். போலீசுக்குப் போகுமுன் வக்கீலைப் பாருங்கள், ஏனென்றால் விற்பவனோடு கட்டியவர்மேலும் நடவடிக்கை வர இடமுண்டு. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும். ஊட்டியில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, போன் என்றால் 15100. வீட்டுக்கு வந்து மிரட்டினால் இதற்கெல்லாம் காத்திருக்க வேண்டாம், உடனே போலீஸ்தான்.

வட்டிக்கு வாங்கிய 40,000 வேறு விஷயம். கைக்கு வந்த பணம், அசலைத் தர வேண்டியிருக்கும். ஆனால் மாதம் பத்து வட்டி என்றால் வருடத்துக்கு 120 சதவீதம். அதற்குத்தான் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அதுவும் 2003-ல் வந்ததுதான். இதுவரை கட்டிய வட்டியைத் தேதி போட்டு எழுதி வக்கீலிடம் கொண்டுபோங்கள்.

ஓணம் பம்பர்

தாளூர் செக்போஸ்ட் தாண்டிப் போய்க் கேரளத்தில் ஒரு டிக்கெட் வாங்குவது குற்றமில்லை. 2024 ஓணம் பம்பரின் 25 கோடி, பத்தேரியில் விற்ற டிக்கெட்டுக்கு விழுந்ததிலிருந்து உங்கள் பக்கம் எல்லோருக்கும் ஒரு பரபரப்பு இருப்பதும் தெரியும். அந்த வருடம் விற்ற டிக்கெட் எழுபது லட்சத்துக்கும் மேல். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நீலகிரி மாவட்டத்தில் மொத்தமே ஏழு லட்சத்து முப்பத்தைந்தாயிரம் பேர். இதுபோல் ஒன்பதரை மாவட்டத்து ஜனங்களின் பெயரை எழுதிப் போட்டு ஒரு சீட்டு எடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பத்தேரி கடைக்கு ஒருமுறை விழுந்ததால் அந்தக் கடைக்கு இனி கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

வருடத்துக்கு ஒருமுறை ஆசைக்கு 500 ரூபாய் செலவழிப்பவரை நான் தடுக்க மாட்டேன். உங்கள் கணவருக்கு இப்போது வேண்டாம். குடியை விட நினைப்பவருக்குக் கல்யாண வீட்டில் ஒரு பெக் கொடுப்பதுபோல்தான் அது. பத்தேரி போனவர் ஒரு டிக்கெட்டோடு திரும்புவார் என்று நீங்களும் நம்பவில்லை, இல்லையென்றால் என்னிடம் கேட்டிருக்க மாட்டீர்கள்.

அவரிடம் பேசுவது

மேலே போட்ட கணக்கை எல்லாம் அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டிவிடாதீர்கள். கணக்கு புரிந்ததால் மட்டும் யாரும் இதை விட்டதாக நான் பார்த்ததில்லை. அது உங்கள் குற்ற உணர்ச்சி போவதற்காகவும், மகனுக்காகவும் எழுதியது. இழந்ததைப் பிடிக்க மறுபடி கட்டுவது, மறைப்பது, வீட்டு நகையை வைப்பது, இதெல்லாம் சூதாட்ட நோயின் அடையாளம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதற்கு இடம் உண்டு. கூடவே குடியோ மனச்சோர்வோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பேச்சு சிகிச்சையில் பலருக்குக் குணம் தெரிகிறது. ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிவரலாம். உடனே முடியாது என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் இருபத்து நாலு மணி நேரமும் தமிழில் பேசலாம். அவர் வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது பேசுங்கள்.

கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: “செத்துப்போனாத்தான் இந்தக் கடன் தீரும்” என்று அவர் சொன்னாராம். கோபத்தில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். தேயிலைக்கு அடிக்கும் மருந்து வீட்டில் இருந்தால் இன்றைக்கே வெளியேற்றுங்கள், அல்லது பூட்டிச் சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி அப்படிச் சொன்னால் “நிஜமாகவே அப்படித் தோன்றுகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள்.

பணம் போகும் வழியை அவர் சம்மதத்தோடு அடைக்கப் பாருங்கள். ஃபேக்டரிக்கு இலையை உங்கள் பெயரில் போட்டு, மாத இலைப் பணம் உங்கள் வங்கிக் கணக்கில் வரும்படி செய்ய முடியுமா என்று கேளுங்கள். அவர் கைச்செலவுக்கு ஒரு தொகை. பாக்கியைத் தீர்க்கிறேன் என்று உங்கள் அண்ணனிடம் மொத்தமாக வாங்கி அவர் கையில் கொடுக்காதீர்கள், அது அடுத்த நாளே சீட்டாகிவிடும்.

நோட்டைக் கேட்காமல் எரித்ததற்கு வேண்டுமானால் வருத்தம் சொல்லுங்கள். இரண்டு வருட உழைப்பு அது, அவருக்கு வலித்திருக்கும். அப்படிச் சொன்னால் சாப்பாட்டுக்காவது உட்காருவார். 25,000-க்கு மட்டும் மன்னிப்புக் கேட்காதீர்கள், அப்படி ஒரு பணம் உங்கள் வீட்டில் இருந்ததே இல்லை.

புது நோட்டு வாங்குங்கள். அதில் ரிசல்ட் வேண்டாம். முதல் பக்கத்தில் செயினின் அடகுச் சீட்டில் இருக்கும் கெடு தேதியை எழுதுங்கள். கடிதத்தில் நீங்கள் சொல்லியிருக்கும் மாதத்தை வைத்துப் பார்த்தால் கெடு நெருங்கிவிட்டது. இந்த வாரமே போய் வட்டி கட்டிப் புதுப்பிக்க முடியுமா என்று கேளுங்கள், ஏலத்துக்குப் போய்விடக் கூடாது.